இரண்டு மூட்டை விதைக்கடலை

தயா,

'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கிப் பார்த்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். நலமில்லாத வீட்டிலிருந்து நலம் என்று எழுதக் கை வரவில்லை, ஆகையால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை, அச்சுக்குப் போகுமுன் அம்மா ஒரு தரம் பிழை பார்க்கட்டும் என்று அனுப்பியிருந்தாய். பார்த்தேன். இருபத்தாறு வருஷம் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மை வைத்தவள் நான். சின்னச் சின்னதாக இரண்டு பிழை இருந்தது, திருத்திவிட்டேன். மூன்றாவது பிழையைச் சிவப்பு மையால் திருத்த முடியாது. மணமகன் தயாளன் என்று போட்டு, அதற்குக் கீழே என் பெயர் மட்டும் இருக்கிறது. உன் அப்பாவின் பெயர் இல்லை. செத்துப்போனவர்களுக்குக்கூட 'அமரர்' என்று முன்னால் சேர்த்து இடம் கொடுக்கிற ஊர் இது. உயிரோடு இருக்கிற மனிதரை, இதோ இந்த நிமிஷம் வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறவரை, நீ விட்டுவிட்டாய்.

ஏன் விட்டாய் என்று எனக்குத் தெரியும். மைசூர் மைன்ஸில், இந்தத் தங்கச் சுரங்க ஊரில், நம் லைன் முழுக்கத் தெரியும். போன வருஷம் ஆனி மாதம் சுவரோடு சுவர் ஒட்டின அந்த வரிசை வீட்டில், இருபது குடும்பம் கேட்கும்படி, 'என் வெதைய வித்துக் குடிச்சிட்டியா' என்று அவரைக் கேட்டாய். அன்றைக்கு மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூர் போனவன்தான். ஒன்றரை வருஷமாக அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தயா, அவர் விற்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. அந்த இரண்டு மூட்டை விதைக்கடலையையும் உலையில் போட்டவள் நான். இதை உன் காதோடு சொல்லியிருக்கலாம். ஆனால் நீ அவரை அவமானப்படுத்தியது தெருவில் அல்லவா, அதனால் நானும் தெருவில்தான் சொல்லப்போகிறேன். இந்தக் கடிதத்தை அப்படியே இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். வாசகசாலைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிற பலகை இருக்கிறதே, அங்கே ஒட்டிவிட்டுத்தான் உனக்குத் தபாலில் சேர்ப்பேன்.

முதலிலிருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் பலகையில் படிக்கிறவர்களுக்கு விளங்காது. நீ அஞ்சாம் வகுப்பில் என்னிடமே படித்தாய். வீட்டில் அம்மா, பள்ளிக்கூடத்தில் மிஸ். மறந்துபோய் 'யம்மா' என்று கூப்பிட்டால் வகுப்பே சிரிக்கும், உனக்குக் காது சிவந்துபோகும். சமூகப் பாடத்தில் ஆதிமனிதன்தான் முதல் பாடம். சார்ட்டில் மூன்று படம் வரைந்து மாட்டியிருந்தேன். முதல் படத்தில் ஈட்டியோடு ஆண்கள், கிழங்கு தோண்டுகிற பெண்கள். இரண்டாவதில் ஏர், மாடு, பச்சை வயல். மூன்றாவதில் ஆற்றங்கரையில் செங்கல் வீடுகள், தானியக் களஞ்சியம், நேரான தெரு. குச்சியை வைத்து மூன்றையும் மூன்று படிக்கட்டாகக் காட்டுவேன். அலைந்து பொறுக்கித் தின்றான், பிறகு விதைத்தான், பிறகு நாகரிகம் அடைந்தான். சொல்லும்போது என் குரலே ஏறிவிடும், என்னவோ கலப்பையை நானே கண்டுபிடித்துக் கொடுத்த மாதிரி. குடிசை ஓரத்தில் சிந்தின தானியம் முளைத்ததை முதலில் கவனித்தது பெண்களாகத்தான் இருக்கும் என்றும் சேர்த்துக்கொள்வேன். அது புத்தகத்தில் இல்லை, என் கைச்சரக்கு. விளைந்ததில் ஒரு பங்கைத் தின்னாமல் எடுத்து வைக்கக் கற்றுக்கொண்டான், அங்கேதான் மனிதன் மாறினான் என்று சொல்லி நிறுத்தினேன். நீ கையைத் தூக்கினாய். 'மிஸ், எடுத்து வெச்சப்பறம் பசிச்சா இன்னா பண்ணாங்க?' என்று கேட்டாய். 'பொறுத்துக்கிட்டாங்க, உக்காரு' என்றேன். பத்தாயிரம் வருஷத்துப் பசியை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

நீ அந்தப் பாடத்தை மறக்கவில்லை. அதுதான் வினை. ஐ.டி.ஐ. முடித்து, சுரங்கத்து வொர்க்‌ஷாப்பில் தினக்கூலி ஃபிட்டராக நாலு வருஷம் ஓட்டினாய். மூடப்போகிறார்கள் என்ற பேச்சு பலமானபோது லைனில் ஒருத்தன் சாமி கும்பிட்டான், ஒருத்தன் சாராயக் கடைக்குப் போனான். நீ ஒருத்தன்தான் பேத்தமங்களாவுக்கு பஸ் ஏறினாய். அந்த ஊர் ஏரியிலிருந்து கூப்பிடு தூரத்தில், நாராயணப்பா என்கிற விவசாயியின் மேட்டு நிலம் ஒன்றரை ஏக்கராவைக் குத்தகைக்குப் பேசிவிட்டு வந்து நின்றாய். உன் அப்பா முப்பது வருஷம் டிம்பர்மேன் வேலை பார்த்தவர். பூமிக்குக் கீழே பாறை தலையில் விழாமல் மரத்தால் முட்டுக்கொடுத்து நிறுத்துகிற வேலை. அவர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். 'மேல் மண்ணு நம்ப ஜாதகத்துலயே இல்லடா. நம்பளுக்கு எறங்கத்தான் தெரியும்' என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். நீ முறைத்துக்கொண்டாய். 'எறங்கி எறங்கி நீ இன்னாத்த கண்ட?' என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாய். 'யம்மா, நீதான பாடம் நடத்துன, வெத போட்டப்பறம்தான் மனுசன் நிம்மதியா ஒரு எடத்துல ஒக்காந்தான்னு?' என்றாய். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எத்தனையோ பிள்ளைகளுக்கு நடத்தினேன், ஒருத்தனாவது பாடத்தைக் கையில் எடுத்தானே என்று பூரித்துப் போனேன்.

விதைக்கடலையை நீயே போய்ப் பொறுக்கி எடுத்தாய். உள்ளே பருப்பு குலுங்குகிறதா என்று ஒவ்வொரு காயாகக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன். இரண்டு மூட்டை. வயலில் பூட்டுப் போட அறை இல்லை என்று நம் வீட்டுப் பரணில் ஏற்றினாய். 'பத்தரம்மா. இது தின்ற கடலைக்காய் இல்ல, வெத. மழ வந்ததும் வந்து எடுத்துக்கறேன்' என்று சொல்லிவிட்டு, நிலத்தில் முள் வெட்டப் போய் நாராயணப்பா கொட்டகையிலேயே தங்கிவிட்டாய். நானும் வேப்பிலை உருவி மூட்டைக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி வைத்தேன். அதுவரைக்கும் நான் யோக்கியம்தான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சாக்குக்குச் சொல்லவில்லை, நீ தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். விதை எடுத்து வைக்கிற பழக்கம் நம் வம்சத்தில் யாருக்கும் கிடையாது. உன் அப்பாவின் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து இங்கே பஞ்சம் பிழைக்க வந்தவர். அதற்கு முன்னால் அவர் விவசாயி என்று நினைத்துக்கொள்ளாதே. அடுத்தவன் நிலத்தில் ஏர் பிடித்தவர். விதைத்தது அவர் கை, விதை இருந்தது ஆண்டை வீட்டுக் குதிரில். எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்கிற அதிகாரம் ஆண்டையிடம்தான் இருந்தது. இங்கே வந்த பிறகு சம்பள நாள், ரேஷன் நாள், அவ்வளவுதான் கணக்கு. வந்ததை அன்றைக்கே பங்கு போட்டுத் தின்றுதான் நமக்குப் பழக்கம். உன் அப்பா கீழே கொண்டுபோகிற டிபனில் பாதி அவர் வாய்க்குள் போனதில்லை, அவரோடு சேர்த்து ஆறு பேரும் ஆறு டிபனையும் நடுவில் வைத்துத்தான் திறப்பார்கள். ஊரிலிருந்து யார் வீட்டுக்காவது மாங்காய் வந்தால் பொழுது சாய்வதற்குள் இருபது வீட்டிலும் கொட்டை கிடக்கும். பகலில் எந்த வீட்டுக் கதவையும் சாத்தி நான் பார்த்ததில்லை. சாத்தினால், 'இன்னா, உள்ள பிரியாணியா?' என்று கேட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுப் பட்டம்மா வந்து நிற்பாள். என் சார்ட்டில் முதல் படத்தில் இருந்தவர்கள் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை பார். நாமெல்லாம் மூன்றாவது படத்தில் இருக்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆனி மாதம் நீ வயலில் இருந்தாய், இங்கே நடந்ததெல்லாம் உனக்குத் தெரியாது. சுரங்கத்தை மூடக்கூடாது என்று ஆம்பிளைகள் பந்தல் போட்டு மாற்றி மாற்றி உண்ணாவிரதம் இருந்தார்கள். வேலை நாள் குறைந்து கையில் வருவதும் குறைந்துபோயிருந்தது. என் பள்ளிக்கூடமோ பிள்ளைகள் ஃபீஸ் கட்டினால்தான் எங்களுக்குச் சம்பளம் தருகிற சின்னப் பள்ளிக்கூடம். லைனில் காசு இல்லையென்றால் ஃபீஸும் இல்லை, சம்பளமும் இல்லை. லைன் பிள்ளைகள் அறுபது பேருக்கும் மத்தியானச் சாப்பாடு ஒரு வீட்டில் ஆகட்டும், வாரத்துக்கு ஒரு வீடு பொறுப்பு என்று பெண்கள் கூடிப் பேசினோம். 'டீச்சரம்மா, உங்களால முடியலன்னா அடுத்த வாரம் எடுத்துக்கோங்க' என்று பட்டம்மா சொன்னாள். அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று குத்திவிட்டது. டீச்சர் வீட்டில் இல்லை என்று ஆகிவிடக்கூடாதே. 'இந்த வாரமே என் வீடு' என்று வாயைக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை வீட்டிலிருந்த கேழ்வரகு மாவு முழுவதையும் கூழாக்கி ஊற்றினேன். செவ்வாய்க்கிழமை காலையில் அடுக்குப் பானைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பதினொரு மணிக்கெல்லாம் பிள்ளைகள் தட்டோடு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். விளையாடவில்லை, சத்தம் போடவில்லை, என் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளைச் 'சத்தம் போடாதே' என்று மிரட்டியவள் நான். அவ்வளவு பேர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

பரணில் ஏறினேன். ஒரு மரக்கால் மட்டும் எடுக்கலாம், இரண்டு மூட்டையில் ஒரு மரக்கால் குறைந்தால் தயாவுக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தேன். ஒரு மரக்கால் பாதிப் பிள்ளைகளுக்குக்கூடப் போதவில்லை, இன்னும் கொஞ்சம் எடுத்தேன். காயை உடைக்கப் பட்டம்மாவும் இன்னும் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். 'ஏது டீச்சரம்மா இவ்ளோ கடலைக்காய்?' என்றாள் பட்டம்மா. 'குடியாத்தத்துலருந்து எங்கண்ணன் அனுப்பிச்சாரு' என்றேன். எனக்கு அண்ணன் இருப்பது நிஜம். அவர் எனக்கு எதையும் அனுப்பியதில்லை என்பதும் நிஜம். வேகவைத்து உப்புப் போட்டு ஆளுக்கு ஒரு கை கொடுத்தேன். புதன்கிழமை மறுபடி ஏறினேன். வியாழக்கிழமை பரண் ஏணியை எடுத்து வைக்கவே இல்லை, அங்கேயே சாய்த்துவிட்டேன். சனிக்கிழமை இரண்டாவது மூட்டையை உதறினபோது வேப்பிலைச் சருகுதான் விழுந்தது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். என் வயிறு பசித்துப் பறக்கவில்லை தயா. என் கௌரவத்துக்கும் சேர்த்துத்தான் நான் அடுப்பு மூட்டினேன்.

அன்று சாயங்காலம் பந்தலிலிருந்து உன் அப்பா வந்தார். இரண்டு நாள் உண்ணாவிரதம் இருந்த முகம். அடுப்பில் கடலைத் தோல் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தார், பரணைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். 'வெதையா?' என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். சட்டியின் அடியில் ஒரு கைப்பிடி மீதி இருந்தது. அவர் கை கால் கழுவிக்கொண்டு வந்து, சட்டியை இழுத்து வைத்து, அதைத் தின்றார். ஒவ்வொன்றாக, மெதுவாகத் தின்றார். தின்றுவிட்டு, 'நானும் துன்னுட்டேன், போ' என்றார். எனக்கு அன்றைக்கு அவர் நாலு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் மழை அடித்துப் பெய்தது. மறுநாள் காலையில் நீ முழங்கால் வரை சேற்றோடு ஓடிவந்தாய். நாராயணப்பாவின் மாடு ஏரில் கட்டி நிற்கிறது, ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும், மூட்டையை எடு என்றாய். பரணில் ஏறினவன் வெறும் சாக்கோடு இறங்கினாய். 'எங்கம்மா வெத?' என்று கேட்டாய். நான் வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் உன் அப்பா எழுந்து நின்று, 'நான்தான் குட்த்துட்டேன்' என்றார். 'யாருக்கு?' என்றாய். அவர் பதில் சொல்லவில்லை. நீ அவரைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போகவில்லை, ஆனால் நீ கத்தின கத்தலில் நாமெல்லாரும் தெருவில்தான் நின்றோம். 'எலிகூட வெதையில பாதிய வுட்டு வெக்கும், நீ மொத்தத்தையும் வித்துக் குடிச்சிட்டியே' என்றாய். அவர் குடியை விட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது, அது உனக்கும் தெரியும். கோபத்தில் வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசிவிட்டாய். இருபது வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. அத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகளும் அந்த வாரம் முழுக்கக் கடலை தின்றவர்கள்தான். பட்டம்மா என்னைப் பார்த்தாள், பிள்ளைகள் தின்றது அந்த விதைதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தின்ற வாய் எப்படிப் பேசும், அவள் உள்ளே போய்விட்டாள். சமைத்த வாயும் பேசவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள் என்பார்களே, நான் இரண்டு மூட்டைக் கடலையை உன் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

நீ போன பிறகு அவரைக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. 'கீழ நடந்தத கேஜ்ல ஏத்தக்கூடாது' என்றார். சுரங்கத்துக்குள்ளிருந்து ஆளை மேலே கொண்டுவருகிற கேஜ் அது. கீழே ஒருத்தன் தப்பு செய்தால், அதை அவன் கூட வேலை செய்கிறவர்கள் கீழேயே திட்டித் தீர்த்துவிட்டு வருவார்கள், மேலே ஆபீஸில் வந்து பேர் சொல்ல மாட்டார்கள். 'நாளைக்கு அவன் கையிலதான என் உசுரு இருக்குது' என்பார். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அவருக்கு அது பெருந்தன்மை. எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. நாளைக்கு எழுதலாம், அடுத்த வாரம் எழுதலாம், அவன் கோபம் ஆறட்டும் என்று நானே எனக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டேன். அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால் நீ போனை வைத்துவிடுவாய், நானும் 'சரி, சாப்டியா' என்று பேச்சை மாற்றிவிடுவேன். ஒன்றரை வருஷம் என் பிள்ளையோடு நான் பேசின பேச்செல்லாம் இவர் முதுகில் ஏறி நின்று பேசினது.

இந்த ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. சுரங்கம் மூடியாகிவிட்டது, பிள்ளைகள் பாதிப் பேர் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். மீதி இருந்தவர்களுக்கு அதே முதல் பாடம். குச்சியை எடுத்து மூன்றாவது படத்தில் வைத்தேன். களஞ்சியம் கட்டினான் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவேனே, அன்றைக்கு அந்தக் களஞ்சியத்துக்கு ஒரு கதவு இருந்திருக்குமே என்று தோன்றியது. கதவு இருந்தால் அதற்கு வெளியே யாரோ தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் உள்ளே வராமல் இருக்கக் காவல்காரன் வேண்டும், காவல்காரனுக்குக் கூலி அளக்க ஓர் அதிகாரி, அதிகாரிக்கு மேலே ஒரு ராஜா. ராஜாவுக்கு வயிறு நிறைந்த பிறகு கழுத்துக்கும் கைக்கும் தங்கம். தங்கத்துக்காக மண்ணுக்குள் இறங்க ஆள் வேண்டும், அது நாம். இத்தனை வருஷமாகப் படிக்கட்டு என்று நான் காட்டினதில் இறங்குகிற படிகளும் இருந்திருக்கின்றன. அதற்காகக் காட்டில் இருந்தவர்களெல்லாம் சுகமாக இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். மழை தவறினால், கிழங்கு கிடைக்காவிட்டால், அவர்களும் பிள்ளைகளைப் புதைத்திருப்பார்கள். எடுத்து வைக்காதவன் அடுத்த வருஷம் சாவான், எடுத்து வைத்தவன் வாசலில் அடுத்தவன் பிள்ளை சாகும். இதில் எது சரி என்று நான் யாருக்குப் பாடம் நடத்துவது? அன்றைக்கு அந்த அறுபது பிள்ளைகளுக்கு நான் கொடுத்தது தப்பா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. உன்னைக் கேட்காமல் எடுத்தது தப்பு. எடுத்ததை மறைத்தது அதைவிடத் தப்பு. இது இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

அஞ்சாம் வகுப்பில் நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன், கேட்டுக்கொள். எடுத்து வைத்த பிறகு பசித்தால், சில பேர் பொறுத்துக்கொண்டார்கள். சில பேர் தின்றுவிட்டார்கள். தின்றவர்கள் வீட்டில் இப்படித்தான் ஒருத்தர் பழியை இன்னொருத்தர் சுமந்திருப்பார்கள். அதையெல்லாம் யாரும் சார்ட்டில் வரையவில்லை.

நீ சுமதியோடு குடித்தனம் வைக்கப்போகிறாய். புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் வாய் சும்மா இருக்காதே. உங்கள் வீட்டில் எது விதை, எது சோறு என்று முதல் மாசமே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். அவள் எதைத் தனியாக எடுத்து வைக்கிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொள். தானியம், காசு என்று மட்டும் சொல்லவில்லை. அவளுக்குப் படிக்க ஆசை இருக்கலாம், ஒரு சிநேகிதி இருக்கலாம், ஒரு தையல் மெஷின் இருக்கலாம். அதை அவளைக் கேட்காமல் உன் கஷ்டத்துக்கு எடுத்துச் செலவழித்துவிடாதே. எடுத்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. மூன்று நாள் தள்ளினால் மழை வந்துவிடும். கௌரவத்துக்காக உன் வீட்டுப் பானையில் இல்லாததை இருக்கிறது என்று சொல்லாதே. பட்டம்மா அடுத்த வாரம் எடுத்துக்கொள் என்று சொன்னபோது நான் 'சரி' என்று சொல்லியிருந்தால் போதும், இந்தக் கடிதமே வேண்டியிருக்காது.

இன்னும் ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. சுரங்கம் மூடின பிறகு உன் அப்பா பத்து நாள் வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பதினோராம் நாள் காலை பஸ் ஏறி பேத்தமங்களா போய்விட்டார். எங்கே போனீர்கள் என்றால் 'சும்மா' என்பார். அப்புறம்தான் நாராயணப்பாவைச் சந்தையில் பார்த்தபோது தெரிந்தது, நீ குத்தகைக்கு எடுத்த அதே நிலத்தில் இவர் கூலிக்குப் போகிறார். 'மைன்ஸ்காரரு மண்ணுக்கு மேல வேல செய்யறது அபரூபா' என்று, அதிசயம்தான் என்கிற மாதிரி, சிரித்தார் அவர். கிணற்றோரம் உட்கார வேண்டுமென்றால்கூட சுரங்கத்துப் பழக்கத்தில், பாறை இளகியிருக்கிறதா என்று இவர் தடியால் தட்டி, சத்தம் கேட்டுவிட்டுத்தான் உட்காருவாராம். கூலியைக் கையில் வாங்கவில்லையாம். 'காசு வாணாம், அறுப்பு முடிஞ்சதும் கடலைக்காயா குடு' என்று சொல்லிவிட்டாராம். ஐப்பசியில் ஒரு மூட்டையும், கார்த்திகை பிறந்து ஒரு மூட்டையும் பஸ் மேலே ஏற்றிக்கொண்டு வந்தார். ஆறு நாள் காய வைத்து, ஒவ்வொரு காயாகக் காதோரம் ஆட்டிப் பார்த்துப் பொறுக்கினார். நீ பொறுக்கினதைப் பார்த்துத்தான் கற்றிருக்க வேண்டும். பரண் ஆடுகிறது என்று நாலு மரம் வெட்டிக்கொண்டு வந்து, சுரங்கத்தில் முட்டுக்கொடுக்கிற மாதிரியே முட்டுக்கொடுத்து, எலி ஏறாமல் காலுக்குத் தகரம் அடித்து, மூட்டைகளை மேலே ஏற்றினார். நம் வீட்டுப் பரண் இனி பூகம்பம் வந்தாலும் விழாது. யாருக்கு இது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஏணியை மட்டும் மடக்கி என் கையில் கொடுத்து, 'நீயே வெச்சிக்கோ' என்றார். என்னை நம்பி என் கையிலேயே கொடுத்தாரே, அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. அதற்கு மறுநாள்தான் உன் பத்திரிகை மாதிரி வந்தது. அதை அவரும் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். 'எழுத்து நல்லா அச்சாயிருக்குது' என்று சொல்லி மடித்துக் கொடுத்தார்.

பலகையில் ஒட்டினதும் முதலில் படிக்கப்போவது அவர்தான், காலையில் பேப்பர் பார்க்க அங்கேதான் போவார். 'இன்னாத்துக்கு இத மேல ஏத்துன?' என்று என்னைக் கேட்பார். கேட்கட்டும். பட்டம்மா படிப்பாள், லைனில் மிச்சமிருக்கிறவர்கள் படிப்பார்கள், நாளைக்கு என் வகுப்புப் பிள்ளைகளும் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். இனிமேல் அந்தச் சார்ட்டுக்கு முன்னால் நான் எப்படி நிற்பேன் என்று தெரியவில்லை, நின்றுதான் பார்க்க வேண்டும்.

உனக்குக் கோபம் வரும். அவர்மேல் இருந்தது அத்தனையும் இப்போது என் பக்கம் திரும்பும், திரும்பட்டும், அது எனக்கு வரவேண்டியதுதான். தை பிறந்தால் உன் கல்யாணம், அதற்கு இன்னும் ஐம்பது நாள் இருக்கிறது. பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்காதே. முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அவர் முன்னால் நில். மன்னிப்பெல்லாம் கேட்டால் அவருக்குக் கூச்சமாகிவிடும். 'யப்பா, மூட்டையை எறக்கு, பாக்கலாம்' என்று சொன்னால் போதும். ஏணியை நான் எடுத்துத் தருகிறேன். அதற்குப் பிறகு பத்திரிகையில் அவர் பெயரைப் போடு. பெற்றோர் என்று இரண்டு பெயர் போட மனசு வராவிட்டால், ஒரு பெயருக்குத்தான் இடம் என்றால், என் பெயரை எடுத்துவிடு. மாதிரியில் அந்த இடத்தைச் சிவப்பு மையால் நானே அடித்து, மேலே அவர் பெயரை எழுதி, இதோடு வைத்திருக்கிறேன்.

உன் விதையைச் சமைத்த,
அம்மா